கிராண்ட் போர்ட்டேஜ்: ஆற்றைத் தவிர்க்கப் போட்ட ஆற்றுவழி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்கரையில், கனடா எல்லைக்கு மிக அருகே கிராண்ட் போர்ட்டேஜ் என்ற பழைய நடைபாதை இருக்கிறது. பிஜன் ஆற்றுவழியே மேற்கே போன பழைய பயணிகளின் பாதை என்று படித்துவிட்டு வருகிறவர்கள் இரண்டு விஷயத்தில் குழம்பிப் போகிறார்கள். ஏரிக்கரையிலிருந்து 13.7 கி.மீ. நடந்து முடிக்கும்வரை ஆறு கண்ணிலேயே படாது. மாநிலத்தின் மிக உயரமான அருவி இதே ஆற்றில்தான் விழுகிறது. பாதையிலிருந்து அதுவும் தெரியாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஆற்றின் கடைசிப் பகுதியிடமிருந்து தப்பிக்கப் போட்ட பாதை இது. இது புரிந்தால் எங்கே தொடங்குவது, எவ்வளவு தூரம் போவது, எதைத் தூக்குவது என்பதெல்லாம் தானாக விளங்கும்.

போர்ட்டேஜ் என்பது எது

கேனூ படகில் போகிறவர்கள் அருவியோ பாறை ஓட்டமோ குறுக்கிட்டால் கரையேறி, படகையும் சரக்கையும் தூக்கிக்கொண்டு நடந்து, படகு ஓடக்கூடிய அடுத்த நீரில் இறங்குவார்கள். அப்படி நடக்கும் நிலவழிதான் போர்ட்டேஜ். பெரும்பாலானவை சில நூறு மீட்டர்தான். இங்குள்ள படகுக்காரர்கள் அவற்றை 'ராட்' கணக்கில் சொல்வார்கள். ஒரு ராட் 16.5 அடி, ஏறக்குறைய ஒரு கேனூவின் நீளம். வரைபடத்தில் 80 ராட் என்று போட்டிருந்தால் 400 மீட்டர், சாதாரணம். கிராண்ட் போர்ட்டேஜ் 2,720 ராட்.

ஆறு இருக்க நடப்பானேன்

பிஜன் ஆறு சுப்பீரியர் ஏரியில் கலப்பதற்கு முந்தைய சுமார் 32 கி.மீ. தூரத்தில் படகு ஓடாது. இதற்குக் காரணம் பாறை.

1. அடியில் கிடப்பது ரோவ் படிவம் எனப்படும் களிப்பாறை அடுக்குகள். மென்மையானவை, ஆறு எளிதில் அறுத்துவிடும்.

2. சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டத்தின் நடுவே நிலம் பிளக்கத் தொடங்கியபோது, அந்த அடுக்குகளுக்குள் உருகிய பாறைக்குழம்பு பீறிட்டு ஏறி, டையபேஸ் என்ற கடும்பாறையாக உறைந்தது. நெட்டுக்குத்தான சுவர்களாக அது இன்றும் நிற்கிறது.

3. மென்பாறை தேய்ந்தது, சுவர்கள் நின்றன. ஒவ்வொரு சுவரையும் தாண்டும் இடத்தில் ஆறு படியிறங்குகிறது. கடைசிப் பெரும்படி ஹை ஃபால்ஸ்: 37 மீட்டர்.

அதே சுவர்கள்தான் ஏரியை ஒட்டி மலைமுகடுகளாகவும் தெரிகின்றன. நடைபாதை அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியில் நுழைந்து, வடமேற்காக ஏறி, அருவிகளுக்கெல்லாம் மேலே ஆறு அமைதியாக ஓடும் ஃபோர்ட் சார்லட் என்ற இடத்தில் முடிகிறது. அந்த இடம் ஏரியைவிட ஏறக்குறைய 200 மீட்டர் உயரம். இந்த ஏற்றத்தை ஆறு சில அருவிகளில் சட்டென்று கொட்டித் தீர்க்கிறது. பாதை அதை 13.7 கி.மீ. முழுக்கப் பரப்பிவிடுகிறது. செங்குத்து என்று சொல்லத்தக்க இடம் குறைவு. ஆனாலும் போகும்போது ஏறுமுகம்தான்.

இந்த இடைவெளியைக் கண்டுபிடித்தவர்கள் ஐரோப்பியர் இல்லை. இப்பகுதியின் பழங்குடிகளான ஒஜிப்வே மக்களும் அவர்களுக்கு முன் இங்கே வாழ்ந்தவர்களும் நெடுங்காலம் புழங்கிய வழி இது. ஒஜிப்வே மொழியில் இதன் பெயர் கிச்சி ஓனிகமீங். ஐரோப்பியர் இங்கே வந்திறங்கியது எழுத்துப் பதிவில் தெளிவாக வருவது 1731ஆம் ஆண்டு. பிரெஞ்சுக்காரரான லா வெரேந்திரி ஆட்களோடு வந்து இறங்கினார். பாதையின் நீளத்தைக் கேட்டதும் ஆட்களில் பெரும்பாலோர் தூக்க மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். ஒரு சிறு குழு மட்டும் அவருடைய சகோதரி மகனோடு மேலே போனது. மற்றவர்கள் வேறிடத்தில் குளிர்காலத்தைக் கழித்தார்கள்.

நடுவழியில் ஏன் ஒரு கிடங்கு

இங்கிருந்து போனது பீவர் என்ற நீர்விலங்கின் தோல். அதன் உள்மயிரை அடித்து அழுத்தினால் தண்ணீர் இறங்காத கெட்டிக் கம்பளமாகும். ஐரோப்பாவின் தொப்பிகளுக்கு அதுதான் மூலப்பொருள். தோல் கிடைத்தது வடமேற்குக் காடுகளில், கப்பல் ஏறியது மாண்ட்ரியலில். நடுவில் உள்ள ஏரிகளும் ஆறுகளும் ஆண்டில் பாதி மாதம் உறைந்து கிடக்கும். மே மாதம் புறப்பட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய், பனி மூடுவதற்குள் திரும்புவது நடக்காத காரியம்.

அதனால் பயணத்தை இரண்டாக வெட்டினார்கள். மாண்ட்ரியலிலிருந்து துணி, கம்பளி, செம்பு பித்தளைப் பாத்திரம், வெடிமருந்து, புகையிலை, மது எல்லாம் ஏற்றி ஒரு கூட்டம் வரும். குளிர்காலம் முழுக்க உள்நாட்டில் கழித்த இன்னொரு கூட்டம் தோல் கட்டுகளோடு எதிர்த்திசையில் வரும். ஜூலையில் இரண்டும் கிராண்ட் போர்ட்டேஜில் சந்தித்துச் சரக்கை மாற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பும். இந்தச் சம்பள ஆட்களுக்கு வோயாஜர் என்று பெயர். தோல் வணிகம் நடத்திய நார்த் வெஸ்ட் கம்பெனி 1780களின் நடுவிலிருந்து 1802 வரை இங்கேதான் தன் உள்நாட்டுத் தலைமையிடத்தை வைத்திருந்தது.

ஏரிக்கு வந்தது மாண்ட்ரியல் கேனூ: சுமார் 36 அடி நீளம், மூன்று நான்கு டன் சுமை. சிற்றாறுகளில் அது திரும்பாது. உள்நாட்டுக்கு 25 அடி அளவிலான 'வடக்குக் கேனூ'. ஏரிக்கரைக்கும் ஃபோர்ட் சார்லட்டுக்கும் இடையில் தோளேறி நடந்தது பெரும்பாலும் சரக்குதான், பெரிய படகுகள் அல்ல. பாதையின் இரு முனையிலும் கிடங்கு இருந்ததற்கு இதுதான் காரணம். கீழ்முனைக் கோட்டை பெரிது, மேல்முனையில் உள்ளது இடைத்தங்கல்.

சுமைக் கணக்கு

வணிகச் சரக்கு எல்லாமே 90 பவுண்டு, அதாவது 41 கிலோ கட்டுகளாகக் கட்டப்பட்டது. திரும்பி வந்த தோல் கட்டும் ஏறக்குறைய அதே எடை. அளவு ஒன்றாக இருந்தால் கூலிக் கணக்கிலும் படகின் சமநிலையிலும் தகராறு வராது.

ஒரு நடைக்கு இரண்டு கட்டு, 82 கிலோ. தூக்கிய முறையைக் கவனிக்க வேண்டும். நாலு விரல் அகலத் தோல்பட்டை நெற்றிக்குச் சற்று மேலே படியும். அதன் இரு வால்களும் முதல் கட்டைச் சுற்றி முடிச்சிட்டு இடுப்புக்கு மேலே தொங்கும். இரண்டாவது கட்டு அதன் தலைமேல், தோள்பட்டைகளுக்கு நடுவில், வெறுமனே உட்காரும். அதற்குக் கயிறு கிடையாது. உடல் முன்னால் சாய்ந்திருந்தால்தான் அது நிற்கும். நிமிர்ந்தால் விழுந்துவிடும். ஆகவே முழங்காலை மடக்கிச் சிற்றடி வைத்து ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை புதிதாக இராது, எடைதான் வேறு. பட்டையில் ஒரு வசதியும் உண்டு: கால் சறுக்கினால் தலையை அசைத்துச் சுமையைக் கழற்றிவிடலாம். தோளில் வார் மாட்டிய பையில் அது முடியாது. குடலிறக்கம் இந்தத் தொழிலின் நிரந்தர நோய்.

ஆளுக்கு எட்டுக் கட்டு என்பது மாண்ட்ரியல் ஆட்களின் ஒப்பந்தக் கடமை. அதற்கு மேல் தூக்கினால் தனிக்கூலி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்:

1. எட்டுக் கட்டு, நடைக்கு இரண்டு: சுமையோடு நான்கு நடை.
2. அவற்றுக்கு இடையே வெறுங்கையோடு திரும்புவது மூன்று நடை.
3. ஏழு நடை × 13.7 கி.மீ. = 96 கி.மீ.; அதில் 55 கி.மீ. முதுகில் 82 கிலோவோடு.

இதை ஒரே மூச்சில் கடக்கவில்லை. பாதையைப் பதினாறு தங்கல்களாகப் பிரித்திருந்தார்கள். இவற்றுக்குப் 'போஸ்' என்று பெயர். சராசரியாக 850 மீட்டருக்கு ஒன்று. எல்லாக் கட்டுகளும் முதல் தங்கலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அங்கிருந்து அடுத்த தங்கலுக்கு நகர்த்துவார்கள். இதனால் மொத்த தூரம் ஒரு அடிகூடக் குறையாது. ஆனால் வெறுங்கையோடு திரும்பும் பத்து நிமிடமே ஓய்வாகிவிடுகிறது. சரக்கும் எப்போதும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இன்று படகோடு கடக்கிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே பழைய உத்தி இதுதான்.

வேகமும் அசரவைக்கும். இந்தப் பாதையில் இரண்டு கட்டோடு போய் இரண்டு கட்டோடு ஆறு மணி நேரத்தில் திரும்பியவர்களைத் தான் அறிவதாக, கம்பெனியின் பங்காளியான அலெக்ஸாண்டர் மெக்கன்சி எழுதியிருக்கிறார். வெறுங்கையோடு நடக்கும் இன்றைய பயணிக்கே அது கடினமான வேகம்.

பாதை ஏன் காலியானது

1783 பாரிஸ் ஒப்பந்தம் அமெரிக்காவுக்கும் பிரிட்டிஷ் பகுதிக்கும் எல்லையைத் தவறான வரைபடம் ஒன்றை வைத்து வகுத்தது. இருந்தாலும் கிராண்ட் போர்ட்டேஜ் அமெரிக்கப் பக்கம்தான் விழும் என்பது போகப் போகத் தெளிந்தது. சுங்க வரி வந்துவிடும் என்று அஞ்சிய நார்த் வெஸ்ட் கம்பெனி, 1798இல் மறுபடி தெரியவந்த கமினிஸ்டிக்வியா ஆற்றுவழிக்கு மாறியது. அது சுற்றுவழிதான், ஆனால் முழுக்க பிரிட்டிஷ் நிலம். 1803இல் தலைமையிடம் அங்கே போய்விட்டது. பின்னாளில் ஃபோர்ட் வில்லியம் என்று பெயர் பெற்ற அந்த இடம் இன்று தண்டர் பே நகருக்குள் இருக்கிறது.

1842இல் வெப்ஸ்டர்–ஆஷ்பர்ட்டன் ஒப்பந்தம் எல்லையை முடிவாக வரைந்தபோது, சுப்பீரியர் ஏரி முதல் லேக் ஆஃப் தி வுட்ஸ் என்ற ஏரி வரையுள்ள நீர்வழிகளும் வழக்கமான போர்ட்டேஜ்களும் இரு நாட்டாருக்கும் திறந்தே இருக்கும் என்று எழுதியது. கிராண்ட் போர்ட்டேஜைத் தனியே பெயர் சொல்லிச் சேர்த்தது. சிலர் இதை விசா இல்லாமல் நடக்கக் கிடைத்த உரிமை என்று நினைக்கிறார்கள். அப்படிப் பொருள்கொண்டு புறப்பட வேண்டாம். குடிவரவுச் சட்டங்கள் தனி.

இது யாருடைய நிலம்

கிராண்ட் போர்ட்டேஜ் ஒஜிப்வே இனத்தாரின் தனிநிலத்துக்குள்ளேயே (ரிசர்வேஷன்) பாதை முழுதும் கிடக்கிறது. 1854 லா பாயிண்ட் ஒப்பந்தத்தில் உருவான தனிநிலம் அது. பாதையும் கோட்டையும் அடங்கிய சுமார் 710 ஏக்கரை அவர்கள் கூட்டரசுக்குக் கொடுத்ததால்தான் தேசிய நினைவிடம் உருவானது; அதற்கான சட்டம் 1958இல் வந்தது. 1999 முதல் தேசியப் பூங்காத் துறையும் அவர்களும் சேர்ந்தே நிர்வகிக்கிறார்கள். பராமரிப்பு வேலை அவர்கள் கையில்.

பயணிக்கு இதனால் வருவது என்ன? பாதையை விட்டு விலகினால் நீங்கள் நிற்பது பூங்காவில் இல்லை, ஒரு சமூகத்தின் சொந்த நிலத்தில். ஹேட் முனையில் பாறைமேல் நிற்கும் பழைய தேவதாரு மரம் அவர்களுக்குப் புனிதம். வழிகாட்டி இல்லாமல் அங்கே போகக் கூடாது. ஹை ஃபால்ஸ் அருவியும் அவர்கள் நிலமே, மாநிலப் பூங்காவாகக் குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறது. அருவியைப் பார்க்க வேண்டுமானால் காரில் எல்லைச் சாவடிப் பக்கம் போய், வாகன நிறுத்தத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தளம் போட்ட பாதையில் நடந்தால் போதும். முழு போர்ட்டேஜையும் நடந்தாலும் கிடைக்காத காட்சி அது.

எப்படிப் பார்ப்பது

கீழ்முனையில் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும் ஹெரிட்டேஜ் சென்டரும், மர அரணுக்குள் மீட்டுக் கட்டிய கிரேட் ஹால், சமையற்கட்டு, வெளியே கேனூ கிடங்கு ஆகியவையும் இருக்கின்றன. பழைய கட்டடம் எதுவும் மிஞ்சவில்லை. 1930களில் அகழ்ந்து பார்த்து மறுபடி கட்டிய கிரேட் ஹாலும் 1969இல் மின்னல் தாக்கி எரிந்தது. இப்போது நிற்பது அதற்குப் பின் கட்டியது. அரணுக்குள் உள்ள கட்டடங்கள் கோடையில் தொடங்கி அக்டோபர் நடுவரைதான் திறந்திருக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆகஸ்டின் இரண்டாவது வார இறுதியில் பழைய ஜூலைச் சந்திப்பை நினைவூட்டும் ரெண்டேவூ விழாவும், பவ்வா என்ற ஒஜிப்வே ஆடல்பாடல் கூடலும் நடக்கும். அறை வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்னதாகப் பதிய வேண்டும்.

மேல்முனையில் ஃபோர்ட் சார்லட்டில் கட்டடமே இல்லை. புல் மூடிய மேடு பள்ளங்கள், ஒரு படித்துறை, ஆறு. கோட்டை என்ற பெயரை நம்பிப் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். மண்ணைக் கிளறுவதோ எதையும் எடுப்பதோ குற்றம்.

நடைக்கு மூன்று தெரிவுகள்:

1. மவுண்ட் ரோஸ். அரணுக்கு எதிரே சுமார் 90 மீட்டர் ஏறும் குறுநடை. மேலிருந்து விரிகுடாவும் கோட்டையும், மலைகளுக்கு நடுவே பாதை நுழையும் இடைவெளியும் தெரியும். நேரம் இல்லாதவர்களுக்கு இது ஒன்றே போதும்.

2. பாதி வழி. பழைய நெடுஞ்சாலை 61 பாதையை ஏறக்குறைய நடுவில் வெட்டுகிறது. இரண்டு நாட்டு அரசுகளின் ஒப்புதலுக்கும் காத்திராமல் 1917இல் ஊர்க்காரர்கள் பிஜன் ஆற்றில் கட்டிய பாலத்துக்குப் போன சாலை அது. அங்கே வண்டியை விட்டு ஃபோர்ட் சார்லட் வரை போய்த் திரும்பினால் தூரம் பாதியாகும். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இதையே சிபாரிசு செய்யலாம்.

3. முழுவதும். போக வர 27.4 கி.மீ. உணவு நேரம் சேர்த்து ஒன்பது மணி நேரம் வையுங்கள். ஜூன் கடைசியில் பகல் பதினாறு மணி நேரம். செப்டம்பர் கடைசியில் பன்னிரண்டுதான். இரவு தங்க ஃபோர்ட் சார்லட்டில் இரண்டு முகாமிடங்கள் இருக்கின்றன. கட்டணம் இல்லை, ஆனால் முன்கூட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

எது சொதப்பும், ஏன்

உடை. ஏரியின் நீர் கோடையிலும் சில்லென்றிருப்பதால் கரையில் குளிரும், சில நாள் மூடுபனியும் இருக்கும். தடித்த சட்டையோடு புறப்பட்டால் இரண்டு கிலோமீட்டரில் மலைக்கு அந்தப்பக்கம் வெக்கை. கழற்றிப் பையில் வைக்கும்படி அடுக்கடுக்காக உடுத்துங்கள்.

பூச்சி. மே நடுவிலிருந்து ஜூன் வரை கருங்கொசு, ஜூன் ஜூலையில் கொசு, உண்ணி வேறு. வோயாஜர்களின் ஜூலையை உணர்ந்து பார்க்கும் ஆசை இல்லாவிட்டால் ஆகஸ்ட் பிற்பகுதியோ செப்டம்பரோ நல்லது.

ஈரம். எந்த விலங்கின் தோலுக்காக இந்த வழியில் அத்தனை கட்டுகள் ஏறி இறங்கினவோ, அந்த பீவர்தான் இன்று ஓடைகளை அணைகட்டிப் பாதையை மூழ்கடிக்கிறது. அந்த இடங்களில் பலகை நடைவழி போட்டிருக்கிறார்கள். மழைக்குப் பின் பலகையில் பாசி வழுக்கும், வேர்களும் அப்படியே. கணுக்காலைப் பிடிக்கும் காலணி வேண்டும்.

குடிநீர். வழியில் குழாய் இல்லை. ஆளுக்கு மூன்று லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடை, ஆற்று நீரை வடிகட்டியோ கொதிக்கவைத்தோ மட்டும் குடிக்கவும். நீரில் உள்ள ஜியார்டியா என்ற கிருமி தரும் வயிற்றுப்போக்கு ஊர் திரும்பிய பிறகுதான் வரும்.

கைபேசி. காட்டுக்குள் சிக்னல் நம்பமுடியாது. எல்லைக்கு அந்தப்பக்கக் கைபேசிக் கோபுரத்தின் சிக்னல் பிடித்தால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் குதிக்கும், ஏனென்றால் தண்டர் பே கிழக்கு நேரம், மினசோட்டா மத்திய நேரம். ஐல் ராயல் தீவுக்குப் போகும் படகைப் பிடிக்கிறவர்கள் கைக்கடிகாரம் கட்டிக்கொள்வது உத்தமம்.

படகோடு கடப்பவர்களுக்கு

எல்லை ஏரிகள் வழியாகக் கிழக்கே வந்து, ஃபோர்ட் சார்லட்டில் கரையேறி, சுப்பீரியர் ஏரியில் பயணத்தை முடிப்பது இன்றைய வழக்கம். இறக்கம் சாதகம், உணவுப் பையும் அதற்குள் காலியாகியிருக்கும்.

கெவ்லார் என்ற இலகு இழையில் செய்த கேனூ சுமார் 20 கிலோ, அலுமினியம் 33. இந்த 13 கிலோ வித்தியாசம் மற்ற போர்ட்டேஜ்களில் பெரிதில்லை, இங்கே அதுதான் எல்லாம். படகையும் பைகளையும் ஒரே நடையில் கொண்டுபோக முடியாவிட்டால் மூன்று முறை நடக்க வேண்டும்: 41 கி.மீ. அது ஒரு நாள் வேலை இல்லை.

1. துடுப்புகளைக் குறுக்குச் சட்டங்களில் கட்டுங்கள். முனைக் கயிறுகளைச் சுருட்டிச் செருகுங்கள். தொங்கினால் புதரில் மாட்டும்.

2. படகைத் தொடைமேல் ஏற்றி, தோளில் தாங்கும் நடுச் சட்டமான நுகத்தைப் பிடித்து, ஒரே வீச்சில் தலைக்குமேல் புரட்டுங்கள். கையால் மட்டும் தூக்கினால் முதுகு பிடிக்கும்.

3. பின்பக்கம் சற்றே கனமாக இருக்கட்டும். முன்முனை உயர்ந்தால்தான் வழி தெரியும்.

4. ஓய்வெடுக்கும்போது படகைத் தரையில் இறக்காதீர்கள். முன்முனையை ஒரு மரக்கவட்டில் சாய்த்து, அடியிலிருந்து வெளியே வாருங்கள். மறுபடி தூக்கும் வேலை மிச்சம்.

5. இரண்டு நடை போகிறவர்கள் பழைய போஸ் கணக்கில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தங்கல் வையுங்கள். உணவுப் பையை மட்டும் தனியே விட்டுப் போகாதீர்கள். கரடி உள்ள காடு.

6. திறந்த பலகை வழியில் காற்று படகைத் திருப்பும். நின்று, காற்று தணிந்த பிறகு கடக்கவும்.

எல்லை விஷயம் கடைசி. ஃபோர்ட் சார்லட்டில் எதிர்க்கரை கனடா. ஆற்றில் படகோட்டுவது வேறு, அக்கரையில் இறங்கிக் கூடாரம் போடுவது வேறு. இறங்கினால் உரிய நாட்டின் எல்லைத் துறையிடம் தெரிவிக்க வேண்டும். கனடாவின் தொலைநிலப் பகுதி அனுமதி விதிகள் மாறிவருவதால் புறப்படுமுன் நடப்பு விதியைப் பாருங்கள். டொரன்டோவிலிருந்து வரும் தமிழர்கள் பலருக்கு இன்னொன்று: தண்டர் பேயிலிருந்து சாலைவழி ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்றாலும், கனடாவில் நிரந்தர வதிவுரிமை மட்டும் வைத்திருக்கும் இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு அமெரிக்க விசா வேண்டும். பாதை முழுதும் அமெரிக்காவுக்குள்தான் இருக்கிறது.